காதலுக்கும் உண்டு தேடிய தேட்டம்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் வீட்டுத் தொலைபேசிகள் வார இறுதியில் ஓய்வதில்லை. அவ்வுரையாடல்களிற் கணிசமானவை கலியாணப் பேச்சுக்கள். "பிள்ளை எந்த ஊர்? ஆருடைய பேரப்பிள்ளை? குறிப்புப் பொருந்துகிறதா? செவ்வாய் இருக்கிறதா? விசா நிரந்தரமா? என்ன வேலை?" இக்கேள்விகளை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம்; எம்மைப் பற்றியும் இவை கேட்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் தாமே துணையைத் தேடிக்கொண்ட இடங்களிலும் இதே கேள்விகள்தாம் எழுகின்றன. சற்றுப் பிந்தியும், சற்றுக் கோபத்தோடும் எழுகின்றன என்பதே வேறுபாடு. அங்கே இளையவர்கள் சொல்லும் விடையும் ஒன்றுதான்: "எங்களுக்கு ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது."

பெரியவர்கள் கேட்கும் கேள்விகளும் சரி, இளையவர்கள் சொல்லும் விடையும் சரி, ஒரு பொருளைத் தொடாமலே போய்விடுகின்றன. இவ்விருவரும் எதனை மேலானதாகக் கொள்கிறார்கள்? எதனை எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்? வறுமை வந்தால், நோய் வந்தால், பெற்றோர் தளர்ந்தால் எப்படி நடந்துகொள்வார்கள்? இதனைப் பெண் பார்க்க வந்தவரும் கேட்பதில்லை, காதலித்தவரும் கேட்பதில்லை.

கேளாமல் விட்டதன் விளைவை நாம் கண்டு வருகிறோம். சீட்டுப் பணம் எடுத்து, வட்டிக்குக் கடன் பட்டு, மண்டபம் நிறைந்த சனத்தின் முன் கூறையும் தாலியுமாக நடந்த திருமணங்கள் சில ஆண்டுகளில் இரு வேறு முகவரிகளாகப் பிரிந்து நிற்கின்றன. வெள்ளி மாலையில் பிள்ளை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போகிறது. "இது இந்த நாட்டுப் பழக்கம்" என்கிறார் ஒருவர். "பெண்களுக்கு இடம் கொடுத்ததன் பலன்" என்கிறார் இன்னொருவர். "விதி" என்கிறார் மூன்றாமவர். இம்மூன்று விடைகளையும் நாம் ஏற்பதற்கில்லை. இவை சிந்திக்கும் பொறுப்பிலிருந்து எம்மை விடுவிக்கும் விடைகள்; அவ்வளவே.

மூவகைச் சொத்து

யாழ்ப்பாணத்து வழக்குகளைத் தொகுத்த தேசவழமைச் சட்டத்தை எம்மிற் பலர் அறிவர். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706ஆம் ஆண்டில் அதனைத் தொகுத்தார். 12 தமிழ் முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தபின், 1707இல் அது நடைமுறைக்கு வந்தது. வடமாகாணத் தமிழரின் சொத்துரிமையை இன்றும் ஆளுகின்ற சட்டம் அது.

அச்சட்டம் குடும்பத்துச் சொத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. முன்னோரிடமிருந்து வருவது முதுசம். பெண்ணுக்குப் பிறந்த வீடு கொடுத்து அனுப்புவது சீதனம். மணம் முடித்தபின் தேடிக்கொள்வது தேடிய தேட்டம். முதுசமும் சீதனமும் அவரவர்க்கு உரியவை. தேடிய தேட்டமோ, இருவரில் எவர் கையால் வந்ததாயினும், இருவருக்கும் பொதுவானது. கணவன் வெளியே உழைக்க, மனைவி வீட்டில் இருந்தாலும் அது அவளுக்கும் உரியதே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் ஏறிய இச்சொல்லினுள் ஆழ்ந்த ஓர் உண்மை பொதிந்திருப்பதாக நாம் கருதுகிறோம்.

திருமணத்துக்கு முன் நாம் விசாரிப்பவை யாவும் முதுசமும் சீதனமும் பற்றியவை. ஊர், சாதி, சமயம், மொழி, குறிப்பு, குடும்பப் பெயர் என்பன முதுசம். படிப்பு, வேலை, வதிவிட உரிமை, நகை என்பன ஒருவகைச் சீதனம். இளையோர் போற்றும் அழகும் கவர்ச்சியும் கூட அவரவர் கொண்டுவருபவையே. ஆனால் ஓர் உறவை முப்பது, நாற்பது ஆண்டுகள் தாங்கி நிற்பது தேடிய தேட்டம். இருவரும் சேர்ந்து, பேசி, பிணங்கி, திருந்தி, "எமது வீட்டில் இது இப்படித்தான்" என்று கண்டடைந்த விழுமியங்களே அத்தேட்டம். அவற்றை எவரும் சீதனமாகக் கொடுத்துவிட முடியாது.

தொல்காப்பியர் காட்டும் பொருத்தம்

"நல்ல பொருத்தம் பார்த்துத்தானே செய்தோம்" என்று பெற்றோர் அங்கலாய்ப்பதை நாம் கேட்டிருக்கிறோம். சோதிடர் பார்க்கும் பொருத்தங்களைப் பத்து என்பர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் தலைவன் தலைவிக்கு இடையே இருக்கவேண்டிய ஒப்புக்களைப் பத்தாகவே வகுக்கிறது என்பதை எம்மிற் பலர் அறியார். பிறப்பு, குடியொழுக்கம், வயது, தோற்றம், திரு முதலியவை அதிலும் உண்டு. ஆனால் அவற்றோடு நிறுத்தாமல், அன்பின் நிலை, நெஞ்சைக் காக்கும் நிறை, அருள், உணர்வு ஆகியவற்றையும் தொல்காப்பியர் சேர்த்து எண்ணுகிறார். ஒருவர் அருளுடையவராகவும் மற்றவர் அருளற்றவராகவும் இருப்பின் அது பொருத்தமன்று என்பது அவர் கருத்து. எந்தப் பஞ்சாங்கத்திலும் இப்பொருத்தம் இல்லை.

அடுத்து வரும் நூற்பா இன்னும் கூர்மையானது. இருவரிடத்தும் இருக்கக்கூடாதவை எவை என்று அது சொல்கிறது. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியத்தல், புறங்கூறல், வன்சொல், சோர்வு, சோம்பல் ஆகியன அவற்றுட் சில. தன் குடிப்பிறப்பை எண்ணித் தானே மகிழ்ந்திருத்தலும், தன் துணையைப் பிறரோடு ஒப்பிட்டு நோக்குதலும் அப்பட்டியலில் அடங்குகின்றன. "எங்கள் குடும்பத்தில் இப்படி இல்லை" என்ற சொல்லும், "அவரைப் பாருங்கள், வீடு வாங்கிவிட்டார்" என்ற சொல்லும் எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகளை நஞ்சாக்கியுள்ளன என்பதை நாம் அறிவோம். இவ்விரு நோய்களையும் அப்பழைய நூல் அன்றே பெயர் சுட்டிக் கூறியிருக்கிறது.

விருப்பம் வேறு, விழுமியம் வேறு

ஒத்த விழுமியம் என்றதும் சிலர் ஒத்த விருப்பம் என்று பொருள் கொள்கின்றனர். ஒருவருக்கு இசை பிடிக்கும், மற்றவருக்குத் துடுப்பாட்டம் பிடிக்கும். ஒருவர் உறைப்பு உண்பார், மற்றவர் உண்ணார். இவற்றால் குடும்பம் சிதைவதில்லை. ஒரே பாட்டை இருவரும் விரும்பியதால் குடும்பம் நிலைத்ததும் இல்லை. கண்டதும் எழும் காதலில் விருப்பங்களின் ஒற்றுமை பெரிதாகத் தோன்றும். நாள் செல்லச் செல்ல அது தேய்ந்துவிடும்.

விழுமியம் என்பது நெருக்கடியில் வெளிப்படுவது. கையிலிருக்கும் நூறு பிராங்கை எதற்குச் செலவிடுவது என்னும்போது அது வெளிப்படும். தன்னிலும் எளியவரிடம், உணவு பரிமாறும் பணியாளரிடம், வயதான மாமியிடம், தவறு செய்த பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதில் வெளிப்படும். யாரும் பாராத இடத்தில் உண்மை பேசுகிறோமா என்பதில் வெளிப்படும். இவற்றில் இருவரும் ஒத்திருந்தால், சமயமும் உணவும் வேறுபட்டாலும் வாழ்க்கை நடக்கும். இவற்றில் வேறுபட்டிருந்தால், ஒரே ஊர், ஒரே ஒழுங்கை, ஒரே கோயில் ஆயினும் அந்த வீட்டில் அமைதி தங்காது.

ஊர் காத்ததை இருவர் காக்கவேண்டியுள்ளது

"எங்கள் தாய் தகப்பன் இதெல்லாம் பேசியா வாழ்ந்தார்கள்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர்கள் பேசவில்லை, அவர்களுக்காக ஊர் பேசிற்று. எது மரியாதை, எது மானக்கேடு, பெற்றோரை யார் பார்ப்பது, பிள்ளையை யார் கண்டிப்பது என்பவற்றைக் கோயிலடியும் அயலும் உறவும் முன்னரே தீர்த்து வைத்திருந்தன. கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் மாமனோ சித்தப்பாவோ படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். அவ்வொழுங்கு எல்லாம் நீதியானது என்று நாம் சொல்லவில்லை. அதனுள் சாதிக் கொடுமையும் பெண்ணடிமையும் இருந்தன. பல பெண்களின் கண்ணீர் கிணற்றடியோடு முடிந்தது. ஆயினும் அது ஒரு தாங்குதூணாக நின்றது என்பதை மறுக்க இயலாது.

இங்கே அத்தூண் இல்லை. இரண்டு அறை கொண்ட மாடி வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். ஒருவர் விடியற்காலையில் துப்புரவுப் பணிக்குப் போகிறார். மற்றவர் நள்ளிரவில் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிவிட்டு வருகிறார். படுக்கையில் ஒருவர் எழும்ப மற்றவர் படுக்கிறார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுக் கடதாசிதான் பல நாட்களில் அவர்களது உரையாடல். அதில் "பிள்ளைக்கு மருந்து கொடுத்தாச்சு", "வாடகை கட்டவேணும்" என்று எழுதலாம். "நாம் எதற்காக இப்படி உழைக்கிறோம்?" என்று எழுத இடமில்லை. கேள்வி எழுதப்படாமலே ஆண்டுகள் கழிகின்றன. ஊர் பேசாத இடத்தில் இருவரும் பேசியாக வேண்டும். பேசாவிடின், அவ்வெற்றிடத்தைச் சந்தேகமும் வீம்பும் நிரப்பிவிடும்.

பிரிவின் ஆண்டுகள்

எமது சமூகத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. காதலித்தோ பேசியோ மணமுடித்த கையோடு பிரிந்தவர்கள் எம்மிடையே ஏராளம். 1983 யூலைக்குப் பின்னர் ஓடி வந்த கணவன் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்க, மனைவி ஊரில் காத்திருந்தாள். கடிதமும் ஒலிநாடாவில் பதிந்து அனுப்பிய குரலுமே அவர்களது இல்லறம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, கடிதம் அனுப்புவதற்கு முகவரியே இல்லாமற் போனது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் பின்னரும் காத்திருப்பு முடியாத குடும்பங்கள் உள்ளன. இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம் என்பது பேருதவிதான். எனினும் ஒரே கூரையின்கீழ் வாழும் வாழ்வுக்கு அது ஈடாகாது.

சட்டம் இதனை அறியாததன்று. அகதிகள் சாசனத்தை உருவாக்கிய 1951ஆம் ஆண்டு ஜெனீவா மாநாடு, தனது இறுதி ஆவணத்தில், அகதியின் குடும்ப ஒற்றுமையைக் காக்குமாறு அரசுகளுக்குப் பரிந்துரை செய்தது. பரிந்துரை, கட்டாயமன்று. டென்மார்க்கில் தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற சிரிய நாட்டவர் ஒருவர், தம் மனைவியை அழைக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து வழக்காடினார். அவ்விதி குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2021 யூலை 9இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2025 யூலையில் ஜேர்மனி, துணைநிலைப் பாதுகாப்புப் பெற்றோர் குடும்பத்தை அழைக்கும் வழியை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தியது. ஒரு கதவு திறக்கும்போது இன்னொரு கதவு மூடுகிறது. காத்திருப்போரின் வாழ்க்கை அக்கதவுகளுக்கு இடையே கழிகிறது.

பல ஆண்டுகள் கழித்து விமான நிலையத்தில் சந்திக்கும் இருவர், பிரிந்த அதே இருவர் அல்லர். அவன் தனிமையில் தன் போக்கில் வாழப் பழகியவன். அவள் ஷெல் வீச்சுக்கு நடுவே பிள்ளையையும் மாமியையும் காத்து, தானே முடிவெடுக்கப் பழகியவள். அவன் நினைவில் வைத்திருந்தது கலியாணப் படத்திலிருந்த பெண்ணை. வந்து இறங்கியவள் வேறொருத்தி. "முன்னைப்போல இல்லை" என்று இருவருமே மனத்துள் முறைப்பாடு வைத்திருப்பார்கள்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த பொருள் கண்முன் நிற்கிறது. நினைவை மட்டும் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குச் சந்திப்பு ஏமாற்றமாக முடிவதுண்டு. எதற்காகப் பிரிந்தோம், சேர்ந்தபின் எப்படி வாழ்வோம் என்பதைப் பிரிவின்போதே பேசி வந்தவர்களுக்கு, மாறிய முகத்திலும் அறிந்த மனம் ஒன்று கிடைக்கும். இன்று காத்திருக்கும் இளம் தம்பதிகளுக்கு நாம் சொல்வது இதுவே: "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், அது அன்பின் சொல். அதனோடு நின்றுவிடாமல் மற்றவற்றையும் பேசுங்கள்.

பணம், பிள்ளை, மரியாதை

மற்றவை யாவை? எம் வீடுகளில் மீண்டும் மீண்டும் பிணக்குக்குக் காரணமாவன மூன்று.

முதலாவது, ஊருக்கு அனுப்பும் பணம். ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவனுக்கு ஊரில் மூன்று சகோதரிகள். அவர்களைக் கரைசேர்ப்பது தன் கடமை என்று அவன் கருதுகிறான். மனைவியோ இங்குள்ள பிள்ளையின் படிப்புக்குச் சேமிக்க வேண்டும் என்கிறாள். அவளுக்கும் ஊரில் தளர்ந்த தாய் உண்டு. இருவரும் பணத்தைப் பற்றிச் சண்டையிடுவதாக அயலார் நினைப்பர். உண்மையில் அவர்கள் கடமையைப் பற்றி வாதிடுகிறார்கள். அவன் மறைத்து அனுப்பத் தொடங்கும் நாளில் அந்த வீட்டில் முதல் விரிசல் விழுகிறது. அனுப்பிய தொகையைக் காட்டிலும் மறைத்த செயலே அவளைக் காயப்படுத்துகிறது. மாறாக, இரு பக்கத்துக் கடமைகளையும் ஒரே தாளில் எழுதி, "இவ்வளவு அங்கே, இவ்வளவு இங்கே" என்று இருவரும் முடிவு செய்த வீட்டில், பணம் குறைவாக இருந்தாலும் நம்பிக்கை குறையாது.

இரண்டாவது, பிள்ளைகள். தமிழ் படிக்க வேண்டுமா, எவ்வளவு சுதந்திரம் கொடுப்பது, பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒரே சட்டமா என்பன அன்றாடக் கேள்விகள். தாய் ஒன்று சொல்ல, தகப்பன் மற்றொன்று சொல்ல, பிள்ளை இருவருக்கும் நடுவே வழி கண்டுபிடித்துவிடும். பிள்ளையின் முன்னால் ஒருவரையொருவர் விட்டுக்கொடாமை என்ற ஒன்றையேனும் உடன்பட்டுக் கொண்டால், மீதியைக் காலம் கற்பிக்கும்.

மூன்றாவது, மரியாதை. ஊரில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவர் இங்கே தரை துடைக்கிறார். மனைவி மொழியை விரைவாகக் கற்று அவரிலும் கூடுதலாகச் சம்பாதிக்கிறாள். அலுவலகக் கடிதங்களை அவளே வாசிக்கிறாள்; பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவளே பேசுகிறாள். மரியாதை என்பது சம்பளத்திலும் ஆண் என்ற நிலையிலும் இருப்பதாகக் கருதும் வீட்டில் இது போராக மாறும். உழைப்பு எவருடையதாயினும் அது மதிக்கத்தக்கது என்று இருவரும் கொண்ட வீட்டில் இது ஆறுதலாக அமையும். தேடிய தேட்டத்தை எவர் தேடினார் என்று பிரித்துக் கேளாத வழமையில் வந்தவர்கள் நாம். சொத்துக்குப் பொருந்திய நீதி, மதிப்புக்கும் பொருந்த வேண்டாமா?

ஊடல் வேறு, பிணக்கு வேறு

ஒத்த விழுமியம் உள்ள வீட்டில் சண்டையே வராது என்று எவரும் எண்ணவேண்டா. திருக்குறளின் காமத்துப்பால் 25 அதிகாரங்களைக் கொண்டது. அதன் இறுதி அதிகாரத்துக்கு வள்ளுவர் இட்ட பெயர் ஊடலுவகை. காதலைப் பாடிய பெருநூல் பிணங்குதலின் மகிழ்ச்சியைச் சொல்லி முடிகிறது என்பது சிந்திக்கத்தக்கது. பிணங்கினாலும் இவர் போய்விட மாட்டார், இழிவுபடுத்த மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஊடலில் உவகை பிறக்கும். நம்பிக்கை இல்லாத இடத்தில் அது வெறும் பகை.

இக்காலத்து ஆய்வும் இதற்கு அணித்தாக வருகிறது. அமெரிக்காவில் தம்பதிகளின் உரையாடல்களைப் பல ஆண்டுகளாகக் கூர்ந்து நோக்கிய உளவியலாளர் ஜோன் கொட்மன், அவர்களிடையே எழும் பிணக்குகளுள் நூற்றுக்கு 69 அளவிலானவை முற்றாகத் தீர்க்க இயலாதவை என்று கண்டார். இயல்பின் வேறுபாட்டால் வருபவை அவை. ஆண்டுதோறும் திரும்ப வரும். நிலைக்கும் உறவுகளிலும் அவை உண்டு. அங்கே அவற்றைப் பேசும் முறையில் இகழ்ச்சி இல்லை. ஆகவே எல்லாவற்றிலும் ஒன்றுபட முயன்று களைக்க வேண்டியதில்லை. கருத்து வேறுபட்டபோதும் ஒருவரையொருவர் இகழோம் என்பதில் ஒன்றுபட்டாற் போதும். விழுமியங்களுள் முதலாவதாக அதனையே நாம் வைப்போம்.

வேற்றினத்துத் துணை

பெற்றோர் பலரின் நெஞ்சை இன்று அழுத்தும் பொருளுக்கு வருவோம். மகள் ஒரு வெள்ளைக்காரப் பையனையோ, மகன் வேறு நாட்டு அகதிப் பெண்ணையோ, அல்லது தமிழராயினும் "எங்கள் ஆட்கள்" அல்லாத ஒருவரையோ விரும்புவதாகச் சொல்லும் நாளில் வீடு இருண்டுவிடுகிறது. இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஒரே மொழியில் தாலாட்டுக் கேட்டவர்களுக்கு, ஒரே துயரை அனுபவித்தவர்களுக்கு, சொல்லாமலே புரியும் செய்திகள் பல உண்டு. பேரப்பிள்ளையோடு எந்த மொழியில் பேசுவோம் என்ற கேள்வி ஒரு தாயின் உண்மையான வேதனை. முதுசம் பெறுமதியற்றதன்று.

ஆயினும் முதுசம் தானாக வாழ்வு தராது. பழைய தேசவழமையின்படி, ஒருவரது முதுசக் காணியில் மணவாழ்வின்போது விளைந்த பயன் இருவருக்கும் பொதுவான தேட்டமாகக் கொள்ளப்பட்டது. நிலம் ஒருவருடையது, விளைச்சல் இருவருடையது. மொழியும் பண்பாடும் அவ்வாறே. உழுது பயிரிட்டால் வீட்டுக்குப் பயன் தரும். உழாமல் வேலி மட்டும் அடைத்து வைத்தால், தமிழருக்குத் தமிழரையே மணம் செய்து வைத்த வீட்டிலும் அது தரிசாகவே கிடக்கும். தமிழ் பேசாத மருமகன் மாமியாரின் மருத்துவமனைக் கட்டிலருகே இரவு முழுவதும் இருக்கக்கூடும். எல்லாப் பொருத்தமும் பார்த்துக் கொண்டுவந்த மருமகன் ஒரு முறை எட்டிப் பார்க்காமலும் இருக்கக்கூடும். எவர் எப்படி நடப்பார் என்பதைப் பிறப்பு முன்கூட்டிச் சொல்வதில்லை.

எனவே பெற்றோருக்கு எமது வேண்டுகோள் ஒன்று உண்டு. பிள்ளை ஒரு பெயரைச் சொல்லும் நாளில் "எந்த ஆட்கள்?" என்று தொடங்காதீர்கள். "அவர் கோபம் வந்தால் எப்படிப் பேசுவார்? தன் தாயை எப்படி நடத்துகிறார்? உன் படிப்பையும் வேலையையும் பற்றி என்ன நினைக்கிறார்? சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா?" என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்குப் பிள்ளையிடம் விடை இல்லையென்றால், அவசரப்பட்ட காதல் தானே நின்று யோசிக்கும். விடை இருந்தால், நீங்கள் அஞ்சியதில் பாதி குறையும்.

கடக்கக்கூடாத எல்லை

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். "ஒத்துப்போ", "பொறுத்துப்போ" என்ற சொற்கள் எம் சமூகத்தில் பெரும்பாலும் பெண்ணை நோக்கியே சொல்லப்படுகின்றன. நாம் போற்றிய தேசவழமையிலும் அக்குறை உண்டு. தன் சீதனக் காணியையேனும் கணவனின் சம்மதமின்றி மனைவி விற்க இயலாது என்பது அதன் விதி. பொது விழுமியம் என்ற பெயரால் ஒருவரின் விருப்பத்தை மற்றவர் மேல் சுமத்தினால் அது பொதுவாகாது.

அடிப்பதும், அச்சுறுத்துவதும், கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதும், "விசாவை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவதும் கருத்து வேறுபாடுகள் அல்ல, அவை கொடுமை. அவற்றைப் பொறுத்திருத்தல் குடும்பத்தைக் காப்பதாகாது. 2011ஆம் ஆண்டின் இஸ்தான்புல் உடன்படிக்கையின் 59ஆம் உறுப்புரை, கணவனின் அல்லது மனைவியின் வதிவிட உரிமையில் தங்கியிருக்கும் ஒருவர் கொடுமைக்கு உள்ளாகி உறவு முறியும்போது, மிகக் கடினமான சூழ்நிலைகளில், தனித்த வதிவிட அனுமதி கோர வழி செய்கிறது. உடன்படிக்கையை ஏற்ற நாடுகளுள் சில இவ்விதிக்கு விலக்குக் கோரியுள்ளன. ஆகவே தாம் வாழும் நாட்டின் நிலையைச் சட்ட ஆலோசனை நிலையத்தில் கேட்டறிய வேண்டும். அவ்வாறு பிரிந்து நிற்கும் பெண்ணை "வாழாவெட்டி" என்று தூற்றும் வாய்களை நாம் அடக்க வேண்டும். அவள் காக்க முயன்றதும் ஒரு விழுமியத்தையே.

ஒரு மாலைப் பொழுது

இறுதியாக, செய்யத்தக்க ஒன்றைக் கூறி அமைவோம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன், அழைப்பிதழ் அச்சடிக்குமுன், மணமக்கள் இருவரும் ஒரு மாலைப் பொழுது தனியே அமர்ந்து பேசட்டும். இரு பக்கப் பெற்றோருக்கும் நாம் செய்யவேண்டியது என்ன? பணத்தை எப்படிக் கையாள்வோம், ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை என்று உறுதி கூற முடியுமா? பிள்ளைகளிடம் எதனைக் கையளிக்க விரும்புகிறோம்? கோபத்தில் எந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டோம்? வேலை போனாலோ, நோய் வந்தாலோ, தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலோ என்ன செய்வோம்? இவ்வைந்து கேள்விகளுக்கும் ஒரே விடை வரவேண்டும் என்பதில்லை. மற்றவரின் விடையைக் கேட்கும்போது ஒருவர் முகம் எப்படி இருக்கிறது என்பதே பாதி விடை.

மணமாகி இருபது ஆண்டு ஆனவர்களுக்கும் இது பிந்திவிடவில்லை. துண்டுக் கடதாசியில் எழுத முடியாத கேள்வியை இந்த வார இறுதியில் தேநீரோடு இருந்து கேட்கலாம்.

எம்மிற் பெரும்பாலோர் முதுசத்தை விட்டு வந்தவர்கள். காணி உறுதிகள் சிலருடைய பெட்டியில் உண்டு. காணிகள் வேறு கைகளில் உள்ளன. சீதன நகைகளைப் பயண முகவருக்குக் கொடுத்துவிட்டோம். இந்நாடுகளுக்கு வந்திறங்கிய நாளில் எம்மிடம் இருந்தது கூட நிற்பதற்கு ஒருவர் உண்டு என்பது மட்டுமே. சிலருக்கு அதுவும் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தது. அதற்குப் பின் நாம் சேர்த்தவை அனைத்தும் தேடிய தேட்டமே. வீட்டையும் வாகனத்தையும் அக்கணக்கில் எழுதுகிறோம். ஒருவரையொருவர் மதித்து, உண்மை பேசி, கடமையைப் பகிர்ந்து வாழப் பழகியதையும் அக்கணக்கில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுப்போமாக. நாளை அவர்களுக்கு முதுசமாகச் சேர்வது அதுதான்.